சனிக்கிழமைக் கொலைகள்

போன மாதம் பெங்களூர் சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில், பட்டப்பகலில், என் கண்ணெதிரே ஒருவரைக் குத்திக் கொன்றார்கள். கொன்றவர், செத்தவர் இரண்டு பேருமே ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்கள். பயப்படாதீர்கள். இலக்கியப் பாடத்தைப் பிள்ளைகள் தூங்காமல் கேட்கும்படி எப்படி நடத்துவது என்று பள்ளி பள்ளியாகப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் இப்போது என் பிழைப்பு. அன்றைக்கு வந்தவர்களை நாலு குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு உத்தியைச் செய்து காட்டச் சொல்லியிருந்தேன். மூன்று குழுக்கள் சார்ட் பேப்பரில் மரம் வரைந்தன. நாலாவது குழு கொலை செய்தது.

கத்தியை அட்டையில் வெட்டியிருந்தார்கள். ரத்தத்துக்கு ரோஸ் சிரப். அது வெள்ளைச் சட்டையில் பரவியதும் அந்தத் தித்திப்பு வாசனை ஹால் முழுக்கக் கிளம்பியது. குழுவின் தலைவி, புருஷனுடைய ஐ.டி. வேலைக்காகத் திருவண்ணாமலையிலிருந்து இங்கே வந்த சின்னப் பெண், மார்க்கர் பேனாவை மைக் மாதிரி என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"மேடம், நீங்கதான் கண்ணால பார்த்த சாட்சி. சொல்லுங்க, என்ன பார்த்தீங்க?"

நான் அந்தச் சட்டையில் பரவும் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேடம் பிரமாதமாக நடிக்கிறார் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

இந்தக் கொலை உத்தியைக் கண்டுபிடித்தது நான்தான் என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றியிருக்காதா என்று நீங்கள் கேட்பீர்கள். தோன்றியிருக்கும். அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது, மண்டை முழுக்கக் கனம்.

கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடி, அப்பா வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்ட காலம் அது. விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் வந்து, ஆஸ்டின் டவுனில் ஒரு சின்ன உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுத்துவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்புவேன். அந்த ரயிலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பை வீசினால் அந்த இடம் வீசியவருக்குச் சொந்தம். ஒருநாள் யாரோ புதுசாக வந்தவர் கர்ச்சீப்பை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். விழுந்த குத்தில் அவர் மூக்கு உடைந்து, எதிரே இருந்த என் டிபன் பாக்ஸ் பை மேல் ரத்தம் தெறித்தது. டி.டி.ஆர். வந்து கேட்டபோது பெட்டி முழுக்க ஒரே பதில்தான், யாரும் எதையும் பார்க்கவில்லை. நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து உடைத்தவரும் உடைபட்டவரும் அதே பெஞ்சில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டு வந்தார்கள்.

பள்ளிக்கூடமும் ரயிலுக்குச் சளைத்ததில்லை. தலைமையாசிரியை ஒரு தேக்குமர ரூல்தடி வைத்திருந்தார். அவரைப் பெரிய மிஸ் என்போம். பிரேயர் முடிந்து தாமதமாக வந்தவர்களை வரிசையாக நிறுத்தி அவர் ஆரம்பித்தால், மாடி வகுப்பில் இருக்கும் எனக்குச் சத்தத்தை வைத்தே எத்தனை பேர் என்று சொல்லிவிட முடியும். கணக்கு சார் டஸ்டரைக் குறிபார்த்து எறிவார். கட்டை பக்கம் நெற்றியில் பட்டு ஒருவனுக்குப் புருவம் பிளந்தது. அவன் அம்மா வந்து, "இன்னும் ரெண்டு போடுங்க சார், அப்பவாவது படிப்பு ஏறட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கே ஆங்கிலம் அடியில் வந்ததுதான். ஆறாம் வகுப்பு டீச்சர் ஸ்கேலைக் குத்தாக நிறுத்தி விரல் முட்டியில் அடிப்பார். இன்றைக்கும் டிசம்பர் குளிரில் வலது நடுவிரல் வலிக்கிறது. அதனால் வேலைக்குச் சேர்ந்த அன்றே, ஒரு பிள்ளையையும் கை நீட்டி அடிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். மூன்று வருஷத்தில் அதை மீறவில்லை. அதில் எனக்கு எவ்வளவு திமிர் என்றால், மற்ற ஆசிரியர்கள் அடிக்கும் சத்தம் கேட்கும்போது முகத்தில் ஒரு புன்னகையை வரவழைத்துக்கொள்வேன்.

ஆனால் அடி இல்லாத வகுப்பில் பிள்ளைகள் தூங்கினார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு நாடகம், நிலத்துக்காக அண்ணனைத் தம்பி கொல்வது. நான் உருகி உருகிப் படிக்கிறேன், நாற்பத்தைந்து பேரும் கொட்டாவி விடுகிறார்கள். மறுநாள் காலை சீக்கிரம் போய் வகுப்பின் நடுவில், சாக்பீஸால் ஒரு பிணத்தின் உருவம் வரைந்து, பக்கத்தில் ரோஸ் சிரப்பைக் கொட்டி வைத்தேன். உள்ளே வந்த பிள்ளைகள் அலறினார்கள். யார் கொன்றது, யார் பார்த்தது, கண்டுபிடியுங்கள், ஆனால் ஆங்கிலத்தில் மட்டும் என்றேன். அன்றைக்குத்தான் அந்த வகுப்பின் குரலையே முதல்முறையாகக் கேட்டேன்.

அதிலிருந்து சனிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் கொலை. பிள்ளைகள் அதைக் 'கேஸ்' என்றார்கள். விஷம், கழுத்து நெரிப்பு, மொட்டை மாடியிலிருந்து தள்ளிவிடுவது, அம்மிக்கல், எல்லாம் நடந்தது. ஒருவர் சாவார், ஒருவர் இன்ஸ்பெக்டர், இரண்டு வக்கீல், ஒரு ஜட்ஜ், மற்றவர்கள் சாட்சி. சட்டங்களை நான்தான் வகுத்தேன். நினைத்தேன், கேள்விப்பட்டேன் என்பதெல்லாம் செல்லாது. கண்ணால் பார்த்ததை மட்டும், முதலில் என்ன, அப்புறம் என்ன, எந்தக் கையால் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். சொன்னதை நோட்டில் எழுதிக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். "கையெழுத்து போட்டுட்டா அது நீ. அப்புறம் மாத்திப் பேசக் கூடாது" என்பேன். சொல்லும்போது என்னையே எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இம்ரான் என்றொரு பையன். அவன் அப்பாவுக்கு சிவாஜிநகர் மார்க்கெட்டில் கறிக்கடை. முதல் கேஸிலேயே எழுந்து நின்று எங்கள் கத்திக்குத்தைக் குறை சொன்னான்.

"மிஸ், அப்டிக் குத்துனா உள்ள போவாது மிஸ். எலும்பு தடுக்கும். கீழருந்து மேல தூக்கணும்."

இதையே ஆங்கிலத்தில் சொல் என்றேன். வியர்த்து விறுவிறுத்துச் சொல்லி முடித்தான். அந்த வருஷம் ஆங்கிலத்தில் தேறியவர்களில் அவனும் ஒருவன்.

எஸ்தர் மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம் உட்காருவாள். ஆஸ்டின் டவுனிலேயே வீடு. அப்பா ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், சர்ச்சில் எந்த விசேஷம் என்றாலும் முன்னால் நின்று செய்பவர். மூன்று மாதமாக அந்தப் பெண் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. ஒரு சனிக்கிழமை, செத்தது ஒரு மனைவி. பக்கத்து வீட்டுச் சாட்சியாக எஸ்தரை எழுப்பினேன். சும்மா இரண்டு வாக்கியம் சொன்னால் போதும் என்றுதான் நினைத்தேன்.

அவள் சொன்னது ஆங்கிலத்தில். தப்பும் தவறுமான, சின்னச் சின்ன வாக்கியங்கள். அந்த வீட்டுக்காரர் கத்தவில்லை. முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். டிவி மேல் வைத்தார். கண்ணாடி கீறிவிடாமல் மேல்பக்கம் பார்த்து வைத்தார். அப்புறம் அடித்தார். மூன்றாவது அடிக்கு அவள் சத்தம் போடவில்லை. முடிந்ததும் கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டு மணி பார்த்தார்.

இம்ரான்தான் மெதுவாகச் சொன்னான், "மிஸ், இது நெஜம் மாரியே இருக்குது."

"அதுக்குப் பேர்தான்டா ரைட்டிங்" என்றேன்.

இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ரயிலில் போகும்போது அவள் நோட்டைத் திறந்து, பிழைகளைத் திருத்தி, கடிகாரம் வரும் இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, 'எக்ஸலண்ட் டீட்டெய்ல்' என்று எழுதினேன். அப்படியொன்றை ஒரு பதினாலு வயதுப் பிள்ளை எங்கிருந்து எடுத்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். என் முறை ஜெயித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் தங்கவயல் வரை தூங்காமல் போனேன்.

ஸ்கூல் டே வந்தது. பெரிய மிஸ்ஸிடம் சண்டை போட்டு மேடையில் கேஸுக்குக் கால் மணி நேரம் வாங்கினேன். சாட்சி எஸ்தர்தான், அதே சாட்சியம்தான். இருபது தடவையாவது ஒத்திகை பார்த்திருப்போம். "சத்தமா. கடைசி வரிசைக்குக் கேக்கணும். வாட்சைக் கழட்டுறதைக் கையால செஞ்சு காட்டு. நடுவுல யாரு இன்னா பண்ணாலும் நிறுத்தக் கூடாது." அவள் சொன்னபடியெல்லாம் செய்தாள். நாளுக்கு நாள் குரல் ஏறியது. ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், அப்பாங்களும் வரணுமா?"

"கண்டிப்பா வரணும். உங்கப்பா நீ இங்கிலீஷ் பேசுறதைக் கேக்க வேணாமா?"

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் அவள் டைரியில் பெற்றோர் இருவரும் தவறாமல் வரவும் என்று எழுதி அனுப்பினேன்.

எஸ்தரின் அப்பா சீக்கிரமே வந்தார். பந்தலில் இரும்பு மடக்கு நாற்காலிகளைப் பிரித்துப் போடக்கூட உதவி செய்தார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். எஸ்தரின் அம்மாவோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். சாயங்காலம் ஐந்து மணி, நல்ல வெளிச்சம். நான் மேடையின் பக்கவாட்டில் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து முதல் நாலு வரிசையும் தெளிவாகத் தெரியும்.

எஸ்தர் ஆரம்பித்தாள். வாட்ச் என்ற வார்த்தைக்கு யாருக்கும் ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. அப்படித் தெரியாதவர்களுக்கும் புரியும்படி கையால் காட்ட நான்தான் பழக்கியிருந்தேன். அவள் மணிக்கட்டில் இல்லாத கடிகாரத்தைக் கழற்றி, இல்லாத டிவியின் மேல் வைத்தாள். அவர்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் திரும்பி அவளுடைய அப்பாவின் கையைப் பார்த்தார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எஸ்தரின் அப்பா எழுந்தார். அவசரமே இல்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, பைக்குப் பொத்தானும் போட்டார். அவர் நாற்காலியைத் தொடும் முன்பே எஸ்தரின் அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். அவர் மடக்கு நாற்காலியை மடக்கி, முதுகுப் பக்கத்தைப் பிடித்து ஓங்கினார். முதல் அடி கையில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது, காதுக்கு மேல். மூன்றாவதுக்கு அவள் சத்தம் போடவில்லை. முன் வரிசையில் இருந்த சின்னப் பிள்ளைகளின் வெள்ளை யூனிபாரத்தில் தெறித்திருந்தது. அந்த ரத்தத்துக்கு ரோஸ் வாசனை இல்லை. கணக்கு சாரும் நாலைந்து அப்பாக்களும் அவர் மேல் விழுந்து அமுக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மேடையில் எஸ்தர் நிறுத்தவில்லை. கடைசி வரி வரை சொல்லி முடித்துவிட்டு, படியிறங்கி அம்மாவிடம் போனாள்.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவுக்குத் தலையில் பதினோரு தையல், கையில் கட்டு. "சேரு மடங்கி மேல வியுந்துடுச்சு" என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டாள். தெருக்காரர்களுக்கும் அவரை அமுக்கிப் பிடித்தவர்களுக்கும் கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லையாம். மறுநாள் காலை எஸ்தர் பள்ளி யூனிபாரத்தில், கேஸ் நோட்டை எடுத்துக்கொண்டு, தனியாக ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். பார்த்ததை முதலில் என்ன, அப்புறம் என்ன என்று சொல்லியிருக்கிறாள். வேறு யார் பார்த்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "எங்க இங்கிலீஷ் மிஸ் பார்த்தாங்க" என்றிருக்கிறாள். ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள்.

பெரிய மிஸ்ஸும் கூடவே ஆட்டோவில் ஏறினார். போகிற வழியில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஸ்கூல் பேரு பேப்பர்ல வந்தா நாளைக்கு எவனும் பிள்ளைய அனுப்ப மாட்டான். உனக்கு இன்னும் வேலை கன்ஃபர்ம் ஆவலை, ஞாபகம் இருக்கட்டும். ஸ்டேஜ் லைட்டு கண்ணுல அடிச்சுது. நீ ஒண்ணும் பார்க்கலை. அவ்ளோதான்."

ஸ்டேஷனில் எஸ்தரின் அப்பா கதவோரம் நின்றிருந்தார். தலைக்கு எண்ணெய் தேய்த்துப் படிய வாரியிருந்தார். கடிகாரம் கையில் இருந்தது. எஸ்தர் பெஞ்சில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் உட்காரவில்லை.

இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் கேட்டார். "நீவு நோடித்ரா, மேடம்?"

"இல்லா சார். நோடில்லா" என்றேன். பார்க்கவில்லை.

தமிழில் கேட்டிருந்தால் அந்தப் பொய் வாயில் வந்திருக்காது என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வந்திருக்கும். எனக்குப் பயம், அவ்வளவுதான். மாதம் பிறந்தால் வீடு என் கையை எதிர்பார்த்திருந்தது என்பதும் உண்மை, அதைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்க முடியாது என்பதும் உண்மை. அவர்கள் எழுதிய தாளின் கீழே கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் எஸ்தரை அப்பாவோடு வீட்டுக்குப் போகச் சொன்னார். அவர் முன்னால் நடந்தார். அவள் என்னைக் கடக்கும்போது ஒரு நொடி நின்றாள்.

"மிஸ், நீங்க சைடுலதான நின்னுக்கினு இருந்தீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை, என்ன நெஞ்சழுத்தமோ, நான் வழக்கம் போல ஒரு கேஸ் வைத்தேன். பிணம் படுத்தது. இம்ரானைச் சாட்சியாக எழுப்பினேன்.

"நான் ஒண்ணும் பார்க்கலை மிஸ்" என்றான்.

அடுத்தவளை எழுப்பினேன். அவளும் பார்க்கவில்லை. வரிசையாக ஒவ்வொரு பெஞ்சாகப் போனேன். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் நல்ல ஆங்கிலத்தில், தப்பில்லாமல் சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. கீழே பிணமாகக் கிடந்த பையன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். அதோடு கேஸ் நின்றுபோனது.

அந்தக் குடும்பம் பத்து நாளில் டி.சி. வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்தது. ஒக்கலிபுரம் பக்கம் போயிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் ரயில்வே காம்பவுண்டை ஒட்டிய சந்துகளில் பெயர் சொல்லி விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. அதற்கு மேல் போகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. இடித்துவிட்டு அபார்ட்மென்ட் கட்டியிருக்கிறார்கள். மேடை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். ரூல்தடியும் டஸ்டர் வீச்சும் போய்விட்டன, நல்லதாகப் போயிற்று. முக்கால்வாசி அப்பாக்கள் கையில் கடிகாரம் கூடக் கட்டுவதில்லை, போனில் மணி பார்க்கிறார்கள். ஆனாலும் கை கழுவுவதற்காக ஒரு ஆள் கடிகாரத்தைக் கழற்றினால் நான் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுகிறேன்.

ஹாலில் அந்தச் சின்னப் பெண் இன்னும் மார்க்கர் பேனாவை நீட்டிக்கொண்டுதான் நின்றாள். "என்ன பார்த்தீங்க மேடம்?"

சொன்னேன். நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன், எல்லாம் தெளிவாகத் தெரிந்தது என்று ஆரம்பித்து, அவர் கடிகாரத்தைக் கழற்றியதை, பையில் போட்டுப் பொத்தான் மாட்டியதை, அவர் ஓங்கும் முன்பே அவள் கையைத் தூக்கியதை, முதல் அடி, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாக ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். ஹாலே எழுந்து நின்று கை தட்டியது.

"அந்த வாட்ச், சூப்பர் டீட்டெய்ல் மேடம்" என்றாள் அந்தப் பெண். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வந்து, நான் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள். மற்ற குழுக்களுக்குக் காட்டுவதற்காம்.

எழுதினேன். கீழே முழுப் பெயரையும் போட்டேன். ஸ்டேஷன் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டவள்தான் அங்கே இல்லை.